கட்டளை வரியும் ஏட்டுக் காவலும்

ஏடுகளைக் காப்பது வேறு. ஏடுகள் இருக்குமிடத்தை அறிவிக்கும் குறிப்பைக் காப்பது வேறு. முன்னது செவ்வனே நடைபெறினும் பின்னது பழுதுபடுமேல் முன்னதனாற் பயன் சிறிதே. பல்லாயிரம் நூல்கள் அடுக்கப்பட்ட ஒரு நூல்நிலையத்தில் அட்டவணை மட்டும் எரிந்துபோயிற்று என்று கொள்வோம். நூல்களில் ஓர் இதழும் குறையவில்லை. எனினும், வேண்டிய நூலை வேண்டிய பொழுதில் எடுத்துத் தருவார் ஒருவரும் இலர். இது பனையோலைக்கும் காகிதத்துக்கும் பொருந்தியவாறே கணினியில் வைக்கப்படும் கோப்புகளுக்கும் பொருந்தும். ஓலைச்சுவடிகளையும் பழைய அச்சுப் புத்தகங்களையும் படமெடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டால் காவல் முடிந்ததென்று நம்மிற் பலர் மகிழ்கின்றனர். அக்கோப்புகளையும் அவற்றின் அட்டவணையையும் பிணைப்பது சிறியதோர் இணைப்புக் குறிப்பு. அதனைக் கட்டளை வரியில் தம் கையால் எழுதவும் படிக்கவும் தமிழ் பயிலும் மாணவரும் கற்றல் வேண்டும் என்பது என் கருத்து. கணினித் துறையினர்க்கு உரியதை நமக்கு ஏன் சுமத்துகின்றாய் என்று வினவுவார்க்கு விடை பின்னர்ச் சொல்வேன். முதற்கண் பொருள் இன்னதென விளக்குதல் முறை.

கோப்புகளைக் கையாளும் நிரல்கள் பல உள. அவற்றுள் ஒன்றனைப் பற்றிப் பேசுவதே தெளிவு பயக்கும் ஆதலின், நெக்ஸ்ட்கிளவுட் என்பதனை ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன். ஃபிராங்க் கார்லிட்செக் என்னும் ஜெர்மானியர் 2010ஆம் ஆண்டில் ஓன்கிளவுட் என்றொரு நிரலைத் தொடங்கினார். அதனின்று 2016ஆம் ஆண்டில் அவரும் அவர்தம் தோழரும் பிரிந்து நிறுவியதே இது. இதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்து கிடப்பது. ஒரு கல்லூரியோ, சிறியதொரு நூல்நிலையமோ, தனி மனிதர் ஒருவரோ தம் சொந்தக் கணினியில் இதனை நிறுவிக்கொண்டு, தம் கோப்புகளை அயலார் கையில் ஒப்புவியாமல் தாமே வைத்து ஆளலாம்.

இந்நிரல் தன்பால் வரும் ஒவ்வொரு கோப்பினையும் இருகூறாக வைத்துப் பேணுகின்றது. கோப்பின் உடல் வட்டில் ஒருபுறம் கிடக்கும். அதன் பெயர், இருக்கும் வழி, அளவு, கடைசியாகத் திருத்திய காலம், எவரெவருடன் பகிரப்பட்டது என்னும் செய்தி, அதன்மேல் இட்ட குறிச்சொற்கள் ஆகிய இவையெல்லாம் தரவுத்தளம் என்னும் அட்டவணைத் தொகுதியில் எழுதப்படும். தரவுத்தளமோ நெக்ஸ்ட்கிளவுட்டின் உறுப்பன்று; அது தனியொரு நிரல்; தனியொரு கணினியில் இயங்குவதும் உண்டு. மை எஸ்.கியூ.எல்., மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் ஆகியவற்றுள் ஒன்று இத்தொழிலுக்கு அமர்த்தப்படுவது பெருவழக்கு. எஸ்.கியூ.லைட் என்னும் சிறு தரவுத்தளத்தையும் அமர்த்தலாம். ஆயின், அதில் ஒரு நேரத்தில் ஒருவரே எழுதவியலும் ஆதலின், சோதனைக்கும் மிகச் சிறிய அமைப்புக்கும் மட்டுமே அதனைக் கொள்க என்று நெக்ஸ்ட்கிளவுட்டின் கையேடே அறிவுறுத்துகின்றது.

ஆகவே, கோப்பு நிரல் தரவுத்தளத்தின் வாயிலில் நின்று தன்னை உள்ளே விடுமாறு வேண்டுதல் வேண்டும். எந்தக் கணினி, எந்தத் துறை எண், எந்தத் தரவுத்தளம், எவர் பெயரால், எந்தக் கடவுச்சொல்லால் என்னும் ஐந்தும் சொன்னாலன்றி வாயில் திறவாது. துறை எண் என்றது போர்ட் என வழங்குவதனை. மை எஸ்.கியூ.எல். இயல்பாக 3306ஆம் எண்ணிலும், போஸ்ட்கிரெஸ் 5432ஆம் எண்ணிலும் காத்திருக்கும். வேறு எண் சொல்லாவிடில் இவையே கொள்ளப்படும். இவ்வைந்தும் கூடியதே இணைப்புக் குறிப்பு. ஓர் அஞ்சலட்டையில் அடங்கிவிடும் அளவினது.

இதில் ஓரெழுத்துப் பிழைபட்டால் நேர்வது யாது? கோப்புகள் அழிவதில்லை. ஆயினும் திரையில் அவற்றுள் ஒன்றும் தோன்றாது. நிரலைத் திறந்தவர் ‘எல்லாம் போயிற்று’ என்று கலங்குவர். அக்கலக்கத்தில் யாரேனும் ஒருவர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவ முற்படுவர். இணைப்புப் பிழை ஒரு கோப்பையும் தீண்டவில்லை; தீண்டுவது அதனைப் படிக்கத் தெரியாதவரின் அச்சமே.

தரவுத்தளமே தொலைந்துவிடின் நிலைமை வேறு. வட்டில் கோப்புகள் தத்தம் பெயரோடு கிடக்குமாயின், வட்டினை மீண்டும் ஒருமுறை முழுவதும் நோக்குக என்று நிரலுக்குக் கட்டளையிடலாம். பெயர்கள் மீண்டும் அட்டவணையில் ஏறும். பகிர்வுகளும் குறிச்சொற்களும் ஏறா. இதனினும் கொடியது ஒன்று உண்டு. பெரிய நிறுவனங்கள் சில, வட்டுக்கு மாறாக எஸ்3 போன்ற பொருட்கிடங்கினையே முதற் கிடங்காகக் கொள்கின்றன. அங்கே நெக்ஸ்ட்கிளவுட் ஒவ்வொரு கோப்பையும் வெறும் எண்ணையே பெயராக இட்டு வைக்கின்றது. அதன் உண்மைப் பெயரும், அஃது எந்த உறைக்குள் எந்த உறையில் இருந்தது என்பதும் தரவுத்தளத்தில் மட்டுமே உள. அத்தரவுத்தளம் போயிற்றாயின், எஞ்சுவது எண்ணிட்ட பொட்டலங்களின் குவியலே. கயிறு அறுந்து, ஏட்டெண் இன்றிக் கலந்துபோன நூறு சுவடிகளைத் தரையில் கொட்டிப் பார்த்தார்க்கு இந்நிலை விளங்கும்.

இனி, இவ்விணைப்பை அமைக்கும் வழிகள் இரண்டு. ஒன்று சாளர வழி: நிரலை முதன்முதல் திறக்கும்பொழுது ஒரு பக்கம் தோன்றும், அதிலுள்ள கட்டங்களில் ஐந்து செய்திகளையும் நிரப்பிப் பொத்தானை அமுக்கினால் வேலை முடிந்தது. மற்றொன்று கட்டளை வரி: ஓ.சி.சி. என்னும் கருவியை அழைத்து, வேண்டியதைச் சொற்களால் எழுதி ஏவுதல். ஓ.சி.சி. என்பது ‘ஓன்கிளவுட் கன்சோல்’ என்பதன் குறுக்கம். தாய்நிரலின் பெயர் சேய்நிரலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. சாளர வழி எளிதென்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சாளரம் நிறுவும் நாளில் ஒருமுறை தோன்றுவது, பின்னர் மறைந்துவிடும். மூன்றாண்டு கழித்துத் தரவுத்தளத்தை வேறொரு கணினிக்கு மாற்ற நேர்ந்தால், அந்தக் கட்டங்களை எங்குத் தேடியும் காணமுடியாது. கட்டளையாலோ, அன்றி கான்ஃபிக் கோப்பைத் திறந்து திருத்தியோதான் மாற்றுதல் இயலும். எளிய வழியிற் சென்றவர் அன்றைக்கு வழியறியாது நிற்பர்.

அன்றியும், கட்டத்தில் நிரப்பியது எவர் கண்ணிலும் படுவதில்லை. நிரப்பியவர் எந்த வரிசையில் எதனைச் செய்தார், எதனை முதலில் பிழையாக இட்டுப் பின் திருத்தினார் என்பதற்குச் சான்று கிடையாது. கட்டளையோ எழுத்து. அதனை ஏட்டில் குறித்து வைக்கலாம். பிறர் படித்துக் குறை கூறலாம். ஓராண்டு கழித்து அதே சொற்களை அப்படியே மீண்டும் எழுதி அதே பயனைப் பெறலாம். பெயர் வேண்டா, யான் அறிந்த ஓரிடத்தில் பழைய பருவவெளியீடுகளின் படங்களைத் திரட்டி வைத்திருந்தனர். அமைத்தவர் வேறு பணிக்குப் போயினார். தரவுத்தளம் எந்தக் கணினியில் இருந்தது என்பதே எஞ்சியவர்க்குத் தெரியவில்லை. ஒரு பருவம் முழுதும் அப்படங்கள் எவர்க்கும் கிட்டாமற் கிடந்தன. நான்கு வரி எழுதி வைத்திருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும் வேலை அது.

கட்டளை வரியைக் கண்டு நம்மனோர் அஞ்சுவதேன் என்று எனக்கு விளங்கவில்லை. ஏவல் வினையை நாம் அறியாதவரா? ஒரு கட்டளையை எடுத்துப் பகுத்துக் காட்டுவேன். கணினி வேண்டுவது ரோமன் எழுத்தாயினும், இது தமிழ்ப் பகுதி ஆதலின் ஒலியை மட்டும் நம் எழுத்தில் தருகின்றேன்: ‘சூடோ –யூ டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பி.எச்.பி. ஓ.சி.சி. கான்ஃபிக்:சிஸ்டம்:செட் டிபிஹோஸ்ட் --வேல்யூ=’ என்று எழுதிச் சமக்குறியையடுத்துத் தரவுத்தளக் கணினியின் முகவரியை இடுக. முதலில் நிற்பது எவராக நின்று ஏவுகின்றோம் என்பது. அடுத்தது ஏவலை ஏற்கும் கருவி. அதன்பின் வருவது தொழில்: அமைப்பில் ஒரு செய்தியை இடுக என்பது. அதனையடுத்துச் செயப்படுபொருள்: தரவுத்தளக் கணினி என்னும் இடம். ஈற்றில் அதற்குரிய மதிப்பு. தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்க, இங்கே பொருளுக்கு முன் நிற்கின்றது, வேறுபாடு அவ்வளவே. நன்னூலின் புணர்ச்சி விதிகளை நெட்டுருச் செய்தவர்க்கு இது பெரிய சுமையாகுமா?

‘எவராக நின்று’ என்பதனைப் பற்றி ஒன்று சொல்லுதல் வேண்டும். டெபியன் வகைக் கணினிகளில் இணையப் பக்கங்களை வழங்கும் வேலையாளுக்கு டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்று பெயர். கான்ஃபிக் கோப்பு அவ்வேலையாளுக்கு உடைமையானது. வேறொருவராக நின்று ஏவினால் ஓ.சி.சி. மறுத்துவிடும், கோப்புக்கு உடையவர் எவரோ அவராகவே வருக என்று திருப்பியனுப்பும். புதிதாய்க் கற்பார் இம்மறுப்பைக் கண்டு வெகுண்டு, தலைமைப் பயனாளராகப் புகுந்து கோப்பின் உடைமையையே மாற்றிவிடுவதுண்டு. அங்ஙனம் செய்யின் அவ்வேலையாளே தன் கோப்பைத் திறக்கமாட்டாது போவான். மறுப்பு நம் நன்மைக்கே என்றுணர்ந்து சொன்னபடி செய்தல் நன்று.

இப்பொழுது, இப்பொருளில் எனக்கு மிக விருப்பமான பகுதிக்கு வருகின்றேன். இணைப்பு அமையாதபொழுது கணினி ஒரு செய்தி தரும். பலர் அதனைப் படிப்பதேயில்லை. ‘ஏதோ பிழை’ என்று சொல்லிப் பிறரை அழைக்கின்றனர். ஆனால் அச்செய்திகள் ஒன்றுபோல் மற்றொன்று அல்ல. அப்பெயருடைய கணினி எதுவும் அறியப்படவில்லை என்பது ஒன்று. அப்பொழுது முகவரியின் எழுத்துப் பிழையை நோக்குக. இணைப்பு மறுக்கப்பட்டது என்பது மற்றொன்று. கணினி உளது, ஆனால் அத்துறை எண்ணில் கேட்பார் எவருமிலர் என்று பொருள். தரவுத்தளம் இயங்காதிருக்கலாம், அன்றி, இயங்கியும் வெளியாரை நோக்காதிருக்கலாம். போஸ்ட்கிரெஸ் இயல்பாகத் தன் கணினியினுள்ளிருந்து வருவார்க்கு மட்டுமே செவி கொடுப்பது. வேறு கணினியினின்று வரும் நிரலையும் அது கேட்டல் வேண்டுமாயின் அதற்கென ஓரமைப்பை மாற்றுதல் வேண்டும். மூன்றாவது, இப்பயனாளர்க்கு அனுமதியில்லை என்பது. இது கேட்போர்க்கு ஒருவகையில் நற்செய்தி. என்னை? முகவரியும் துறை எண்ணும் சரியென்பதும், தரவுத்தளம் விழித்திருக்கின்றது என்பதும் இதனாற் பெறப்பட்டன. எஞ்சியது பெயரும் கடவுச்சொல்லும் உரிமையுமே. நான்காவது, ஒன்றும் சொல்லாமல் நெடுநேரம் காத்திருந்து ஓய்தல். இடையில் ஒரு தீச்சுவர் மறித்து நிற்கின்றது என்று ஐயுறலாம். இந்நான்கையும் ஒன்றாகக் குழப்புவார், ‘வந்திலன்’, ‘வாரான்’, ‘வரவொட்டார்’ என்னும் மூன்றையும் ஒருபொருளாகக் கொள்வாரை ஒப்பர்.

போஸ்ட்கிரெஸ் இதற்கெனவே ஒரு சிறு கருவி தந்துள்ளது: பி.ஜி.-இஸ்ரெடி என்பது அதன் பெயர். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த 9.3ஆம் பதிப்பினின்று உளது. தரவுத்தளம் இணைப்பை ஏற்கின்றதாயின் 0 என்றும், இயங்கத் தொடங்கும் நிலையிலிருந்து இப்பொழுது ஏற்காதாயின் 1 என்றும், மறுமொழியே இல்லையாயின் 2 என்றும், தந்த குறிப்பே பிழையாய் முயற்சியே நடைபெறவில்லையாயின் 3 என்றும் அது விடை கூறும். கடவுச்சொல் வேண்டா; பெயரும் சரியாயிருக்க வேண்டா. வாயிற்கதவை ஒருமுறை தட்டிப் பார்ப்பது போன்ற செயல். கோப்பு நிரலைப் பழிப்பதற்கு முன் இதனைச் செய்துவிட்டால் பாதிக் கலக்கம் தீரும்.

ஒருபொருட் பன்மொழி என்று நாம் கருதுவன கணினியில் அங்ஙனம் ஆகாமையும் காண்க. ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்பதும் ‘127.0.0.1’ என்பதும் இக்கணினியையே குறிக்கும் இரு சொற்கள் என்று எவரும் சொல்வர். மை எஸ்.கியூ.எல்.லின் கருவிகளோ யூனிக்ஸ் வகைக் கணினிகளில் முன்னதைக் கண்டால் சாக்கெட் என்னும் உள்வழியாகவும், பின்னதைக் கண்டால் வலைப்பின்னலின் வழியாகவும் செல்லும். ஒன்று திறந்திருக்க மற்றொன்று அடைத்திருத்தல் கூடும். மேலும், அத்தரவுத்தளத்தில் பயனாளர் என்பவர் வெறும் பெயரால் மட்டும் அறியப்படுவார் அல்லர்; பெயரும் அவர் எங்கிருந்து வருகின்றார் என்பதும் சேர்ந்தே ஒருவரைக் குறிக்கும். ஒரே பெயருடையார் இருவர் இரண்டு ஊரினின்று வரின் அவர் இருவேறு ஆள்கள். கடவுச்சொல்லும் வேறு, உரிமையும் வேறு. போஸ்ட்கிரெஸ்ஸில் இவ்வேலையைச் செய்வது பி.ஜி.-எச்.பி.ஏ. என்னும் கோப்பு. அதன் வரிகள் மேலிருந்து கீழாக நோக்கப்படும். முதலிற் பொருந்திய வரியே முடிவு. அதில் தேறாவிடின் அடுத்த வரியில் தேறலாம் என்பதில்லை. வரிகளின் முறைவைப்பே பொருளைத் தீர்மானிக்கின்றது. இதனை அறியாதார் கோப்பின் அடியில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, மேலேயுள்ள வரி தம்மைத் தடுப்பதை உணராமல் இரவெல்லாம் விழித்திருப்பர்.

கட்டளை வரிக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றுள் வலிமையுடையது ஒன்றுண்டு; அதனை மறைத்தல் நேர்மையன்று. எழுதியது எஞ்சும் என்றேன். கடவுச்சொல்லை எழுதினால் அதுவும் எஞ்சும். பாஷ் என்னும் கட்டளை வாயில் நாம் எழுதியவற்றை ஒரு வரலாற்றுக் கோப்பில் சேர்த்துக்கொண்டே செல்லும். அன்றியும், கட்டளை இயங்கும் நேரத்தில் அதன் சொற்களைப் பி.எஸ். என்னும் கருவியால் அதே கணினியிலுள்ள பிறர் காணுதலும் கூடும். இக்காரணத்தால் மை எஸ்.கியூ.எல்.லின் கருவி, கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே எழுதினால் அது பாதுகாப்பற்றதாகலாம் என எச்சரிக்கின்றது. போஸ்ட்கிரெஸ்ஸின் பி.எஸ்.கியூ.எல். கருவியோ கடவுச்சொல்லை ஏற்பதற்கென ஓர் அடைசொல்லையே வைத்திலது. ஓ.சி.சி.யும் நிறுவும்பொழுது கடவுச்சொல்லை நாம் எழுதாது விட்டால் தானே கேட்டுப் பெற்றுக்கொள்ளும். அங்ஙனம் கேட்கவிடுதலே தக்கது. போஸ்ட்கிரெஸ்ஸில் மற்றொரு வழியும் உண்டு. வீட்டு உறையில் பி.ஜி.பாஸ் என்றொரு கோப்பில் கணினி, துறை எண், தரவுத்தளம், பயனாளர், கடவுச்சொல் என்னும் ஐந்தையும் முக்காற்புள்ளி இட்டு ஒரே வரியில் எழுதி வைக்கலாம். அக்கோப்பின் உரிமை 0600 என்று இருத்தல் வேண்டும். அஃதாவது உடையவர் மட்டுமே படிக்கவும் எழுதவும் வேண்டும். பிறர் படிக்கும்படி திறந்திருந்தால் யூனிக்ஸ் வகைக் கணினிகளில் கருவி அதனை ஏறெடுத்தும் பாராது. இக்கண்டிப்பை யான் மிகவும் போற்றுகின்றேன். காவலில்லாத இரகசியத்தை இரகசியமென்று ஏற்க அது மறுக்கின்றது.

நெக்ஸ்ட்கிளவுட்டின் கான்ஃபிக் கோப்பில் கடவுச்சொல் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும். ஆதலின் அக்கோப்பை மின்னஞ்சலில் அனுப்பி ‘இதில் என்ன பிழை, பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா’ என்று கேட்கும் வழக்கம் ஒழிதல் வேண்டும். கேட்பது தவறன்று, அந்த ஒரு வரியை நீக்கிவிட்டுக் கேட்க. தரவுத்தளத்தின் தலைமைப் பயனாளர் பெயரையே கோப்பு நிரலுக்குக் கொடுத்துவிடுதலும் தீது. அந்நிரலுக்கென ஒரு பயனாளரைப் படைத்து, அதன் தரவுத்தளம் ஒன்றன்மேல் மட்டும் உரிமை தந்தால், நிரலில் ஒரு புரை நேரினும் அடுத்த அறைக்குத் தீ பரவாது.

மற்றொரு தடையையும் சிலர் கூறுவர்: சாளரத்தில் தவறினால் மீளலாம், கட்டளையில் தவறினால் நொடியில் எல்லாம் போகும் என்பர். மெய்யே. எஸ்.கியூ.லைட்டினின்று மை எஸ்.கியூ.எல்.லுக்கோ போஸ்ட்கிரெஸ்ஸுக்கோ முழு அட்டவணையையும் பெயர்த்துச் செல்ல ஓ.சி.சி.யில் ஒரே கட்டளை உண்டு. பெயர்ப்பு முடிந்ததும் கான்ஃபிக் கோப்பில் புதிய இணைப்பைத் தானே எழுதியும்விடும். அத்துணை ஆற்றல் அச்சத்துக்குரியதுதான். ஆகவே முதலில் நிரலைப் பராமரிப்பு நிலையில் நிறுத்தி, தரவுத்தளத்துக்கும் கோப்புகளுக்கும் ஒரு படி எடுத்து வைத்துப் பின்னரே தொடுதல் வேண்டும். இதுவும் இரண்டு மூன்று கட்டளைகளே. படி எடாமல் மூலத்தைத் திருத்தும் பதிப்பாசிரியரை நாம் மதிப்போமா?

இப்பொழுது, தமிழ் மாணவர்க்கு இஃது எற்றுக்கு என்பதற்கு விடை. இணைப்புக் குறிப்பில் ஐந்து செய்திகள் என்றேன். ஆறாவது ஒன்று உண்டு. அது நம்முடைய எழுத்தைப் பற்றியது. கோப்பு நிரலும் தரவுத்தளமும் எந்த எழுத்துமுறையிற் பேசிக்கொள்வது என்பதே அது. யூ.டி.எஃப்.-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட் கொள்ளும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும். 8.0 பதிப்பு 2018ஆம் ஆண்டில் வெளிவரும்வரை மை எஸ்.கியூ.எல்.லின் இயல்பான எழுத்துமுறை லத்தீன்-1. அம்முறை தமிழை அறியாது. அதனிற் பேசும் இணைப்பின் வழியே தமிழ்ப் பெயரை அனுப்பினால் எழுத்துக்கு ஒரு வினாக்குறி நிற்கும். எழுதிய பின் மீட்க வழியில்லை. வினாக்குறியினின்று ‘ழ’கரத்தை எவர் வருவிப்பார்?

சரி, யூ.டி.எஃப்.-8 என்று அமைத்துவிட்டோம் என்று ஒருவர் அமைதியுறலாம். மை எஸ்.கியூ.எல்.லில் அப்பெயரால் நெடுங்காலம் வழங்கியது மூன்று பைட்டுக்கு மேற்பட்டதை ஏற்காத குறை முறை, முழுமையானது யூ.டி.எஃப்.8-எம்.பி.4 என்னும் வேறு பெயரால் 2010ஆம் ஆண்டில்தான் வந்தது. நமக்கு மூன்று பைட் போதுமே என்னலாம். 2019ஆம் ஆண்டில் யூனிகோடு 12.0 பதிப்பில் ‘தமிழ்ப் பின்னிணைப்பு’ என்றொரு பகுதி சேர்க்கப்பட்டது. முந்திரி முதலாய பின்னங்களுக்கும், நெல் அளவைகளுக்கும், பழங்கணக்குகளில் வழங்கிய குறிகளுக்குமாக 51 குறியீடுகள் அதில் உள. இவை ஒவ்வொன்றும் நான்கு பைட். பழைய நிலக்கணக்கு ஓலைகளைப் படமெடுத்து, அவற்றின் பெயரிலோ குறிப்பிலோ ஒரு முந்திரிக் குறியை இட விரும்பும் மாணவன், இணைப்பு நான்கு பைட் முறையில் அமையாவிடில் பிழையையே காண்பான். நெக்ஸ்ட்கிளவுட்டில் இதனை மாற்றுதற்கும் கட்டளையே வழி: தரவுத்தளத்தின் எழுத்துமுறையை முதலில் மாற்றி, ‘மை எஸ்.கியூ.எல். டாட் யூ.டி.எஃப்.8-எம்.பி.4’ என்னும் அமைப்பை உண்மை என்று இட்டு, அதன்பின் பழுதுநீக்கும் கட்டளையை ஏவுதல். இதனை வேண்டுமென்று கேட்பார் தமிழ் அறிந்தாரன்றி வேறெவர்? கணினித் துறை நண்பர் எத்துணை வல்லவராயினும், முந்திரிக் குறி ஒன்று உண்டு என்பதே அவர்க்குத் தெரியாதிருக்கலாம்.

உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏட்டைத் தேடுதலும், பிரதிகளை ஒப்புநோக்குதலும், அச்சுத்தாள் திருத்துதலும் தமிழ்ப் புலவர் வேலையல்ல என்று அவர் ஒதுக்கிவிட்டிருந்தால் நாம் எதனைப் படித்திருப்போம்? ஓலையின் காலத்தில் ஓலையைக் கையாளத் தெரிந்திருந்தார். அச்சின் காலத்தில் அச்சை அறிந்திருந்தார். நம் காலத்து ஏடுகள் கணினியில் உள. அவற்றின் திறவுகோலை முற்றும் பிறர் மடியிற் கட்டிவிட்டு நாம் ஆராய்ச்சி மட்டும் செய்வோம் என்பது எனக்கு உடன்பாடன்று.

பெரும்பொருட் செலவு இதற்கு வேண்டா. பழங்கணினி ஒன்றைத் தமிழ்த்துறையில் ஒரு மூலையில் வைத்து, அதில் நெக்ஸ்ட்கிளவுட்டும் போஸ்ட்கிரெஸ்ஸும் நிறுவி, இறுதியாண்டு மாணவர் ஆண்டுக்கொருமுறை இணைப்பை வேண்டுமென்றே கெடுத்துத் தம் கையால் மீட்டுப் பழகலாம். உண்மையான கோப்புகள் உள்ள கணினிக்கோ, அங்கே ஏவிய கட்டளைகளையெல்லாம் நாள் குறித்து, கடவுச்சொல் நீக்கி, ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி வைத்தால் போதும். அதன் அச்சுப்படி ஒன்று துறைத்தலைவர் அலமாரியில் கிடக்கட்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே அஃது ஏன் ஏவப்பட்டது என்பதை ஒரு வரியில் எழுதுதல் வேண்டும். அவ்வரியின் தலையில் ஹாஷ் குறி இட்டால் பாஷ் அதனைப் படியாது கடந்து செல்லும். ஆகவே அக்குறிப்பை நல்ல தமிழிலேயே எழுதலாம்.